வாசகர் கேள்வி – பதில்: பல்கலைக்கழகத்தின் கடிவாளம் யார் கையில்?

கடந்த இதழில், டென்மார்க்கில் பல்கலைக்கழகத் தலைவரை விரிவுரையாளர்கள் தெரிவு செய்வதில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களால், இம்முறை இப்பகுதி முழுவதையும் ஐரோப்பிய உயர்கல்வி ஆளுகைக்கும் அது பற்றிய ஆய்வுகளுக்கும் ஒதுக்க வேண்டியதாயிற்று. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: தேர்தலை நிறுத்திவிட்டு அதைச் சுயாட்சி என்று எப்படிச் சொல்வது? டென்மார்க்கில் தலைவரை யார்தான் தெரிவு செய்கிறார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கொட்டாஞ்சேனை

பதில்: டென்மார்க்கிலும் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை தேர்தல்தான் நடந்தது. ஆசிரியர்களும் ஊழியர்களும் மாணவர்களும் வாக்களித்து ரெக்டரை, அதாவது பல்கலைக்கழகத் தலைவரை, தெரிவு செய்தார்கள். புதிய சட்டம், வெளியாரைப் பெரும்பான்மையாகக் கொண்ட ஓர் ஆளுநர் சபையை ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஏற்படுத்தியது. சபை ரெக்டரை நியமிக்கும். ரெக்டர் பீடாதிபதிகளை நியமிப்பார். பீடாதிபதிகள் துறைத் தலைவர்களை நியமிப்பார்கள். அதே சட்டம் பல்கலைக்கழகங்களை அமைச்சின் கிளைகளாக இல்லாமல் தமக்குத் தாமே உரிமையான நிறுவனங்களாகவும் ஆக்கியது. அமைச்சு இதைச் சுயாட்சி என்றது. விரிவுரையாளர்கள் பலர் சுயாட்சி முடிந்தது என்றார்கள். இரு தரப்பும் சொன்னது உண்மைதான் என்பதால் உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாமல் இருக்கிறது.

அமைச்சின் முன்னால் பல்கலைக்கழகம் என்ற நிறுவனத்துக்கு உள்ள சுதந்திரம் ஒன்று. அந்த நிறுவனத்துக்குள்ளே ஆசிரியர் சமூகத்துக்கு உள்ள சுதந்திரம் இன்னொன்று. முதலாவது கூடும்போது இரண்டாவது குறையலாம் என்பதை ஐரோப்பிய ஆய்வுகள் நாற்பது ஆண்டுகளாக நாட்டுக்கு நாடு காட்டி வருகின்றன. நெதர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1969 இல் அம்ஸ்டர்டாம் மாணவர்கள் பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்தைக் கைப்பற்றிப் போராடியதை அடுத்து, மறு ஆண்டே ஆசிரியரும் மாணவரும் ஊழியரும் சேர்ந்து முடிவெடுக்கும் சபைகளுக்குச் சட்டம் இடம் கொடுத்தது. 1985 இல் அந்நாட்டு அரசு, இனிமேல் ஒவ்வொரு நடவடிக்கையையும் முன்கூட்டியே கட்டுப்படுத்தப் போவதில்லை, பல்கலைக்கழகங்களுக்குச் சுதந்திரம் தந்து அவற்றின் தரத்தைப் பின்னர் மதிப்பிடுவோம் என்று ஒரு கொள்கை அறிக்கையில் சொன்னது. 1997 இல் வந்த சட்டம் அந்த ஜனநாயகச் சபைகளைப் பெரும்பாலும் ஆலோசனை கூறும் நிலைக்கு இறக்கி, அமைச்சர் நியமிக்கும் மேற்பார்வைச் சபையையும் அதன் கீழ் ஒரு நிறைவேற்றுக் குழுவையும் மேலே அமர்த்தியது. 2015 இல் மாணவர்கள் அதே கட்டடத்தை மீண்டும் கைப்பற்றினார்கள். இம்முறை அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று, 1970 இல் தமக்குக் கிடைத்துப் பின்னர் போய்விட்ட வாக்கு.

அரசு விலகியதா என்றால் இல்லை. 1988 இல் கை நீவ் என்ற ஆய்வாளர் இதற்கு 'மதிப்பிடும் அரசு' என்று பெயரிட்டார். முன்பு அமைச்சு ஒரு பதவிக்கு யாரை நியமிப்பது, ஒரு பாடத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்று பார்த்தது. இப்போது எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை கட்டுரைகள் வெளிவந்தன என்று பார்த்து அதற்கேற்பப் பணம் கொடுக்கிறது. டென்மார்க்கில் 1990களிலிருந்து கற்பித்தலுக்கான அரசுப் பணத்தின் பெரும்பகுதி, மாணவர் சித்தியடைந்த பரீட்சைகளின் கணக்கில் வழங்கப்பட்டது. மாணவர் வகுப்பில் இருந்தால் போதாது, சித்தியடையவும் வேண்டும். வாசலில் நின்ற காவலாளியை எடுத்துவிட்டுக் கணக்காளரை உள்ளே அனுப்பினால் வீட்டுக்காரர் சுதந்திரம் அடைந்துவிட்டார் என்று சொல்வோமா?

கேள்வி: இப்படிப் பல்கலைக்கழகங்களையே ஆராய்வதற்கு ஒரு துறை இருக்கிறதா? யார் செய்கிறார்கள்?
– பல்கலைக்கழக மாணவர், வெள்ளவத்தை

பதில்: இருக்கிறது. ஜேர்மனியின் காசெல் பல்கலைக்கழகத்தில் 1978 இலும், நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் 1984 இலும் இதற்கென்றே ஆய்வு நிலையங்கள் தொடங்கப்பட்டன. காசெலில் உல்ரிக் டைக்லரும் ட்வென்டேயில் ஃபிரான்ஸ் ஃபான் ஃபுக்டும் முதல் தலைமுறையினர். 1988 இல் உயர்கல்வி ஆய்வாளர்களுக்கான ஒரு கூட்டமைப்பும் காசெலில் உருவாயிற்று.

இத்துறையில் எவரும் தவிர்க்க முடியாத படம் ஒன்று உண்டு. பர்ட்டன் கிளார்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1983 இல் வரைந்த முக்கோணம் அது. அதன் மூன்று முனைகளில் அரசு, சந்தை, பேராசிரியர் குழாம் ஆகிய மூன்றும் நிற்கும். ஒவ்வொரு நாட்டின் உயர்கல்வியும் இம்மூன்றுக்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது என்றார் அவர். எளிமையான படம், அதனாலேயே இன்றும் வாழ்கிறது. ஆனால் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ரெக்டரும் பீடாதிபதியும் தனியொரு அதிகார மையமாக வளர்ந்தபோது முக்கோணம் போதவில்லை. 2007 இல் டி புவர், எண்டர்ஸ், ஷிமாங்க் ஆகிய மூவர் இங்கிலாந்து, நெதர்லாந்து, ஒஸ்திரியா, ஜேர்மனி ஆகிய நான்கையும் ஒப்பிட்டபோது, அரசின் நேரடிக் கட்டுப்பாடு, வெளித்தரப்பினரின் வழிகாட்டல், ஆசிரியர்களின் சுயஆட்சி, நிர்வாகிகளின் அதிகாரம், போட்டி என்று ஐந்து அளவுகளைத் தனித்தனியே கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். சீர்திருத்தம் எங்கும் ஒரே திசையில்தான் போகிறது என்ற எண்ணத்தை இந்த ஒப்பீடு தளர்த்தியது. இங்கிலாந்தில் போட்டி உச்சத்துக்குப் போனது. ஜேர்மனியில் பேராசிரியர்களின் பிடி எளிதில் தளரவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இவ்வாய்வுகளில் கணிசமானவை அமைச்சுகளும் ஐரோப்பிய ஆணைக்குழுவும் பணம் கொடுத்துச் செய்விப்பவை. அதனால் அவை பொய்யாகிவிடா. ஆனால் எந்தக் கேள்வி கேட்கப்பட்டது, எது கேட்கப்படவே இல்லை என்பதைக் கவனித்து வாசிப்பது நல்லது.

கேள்வி: என் மகள் ஜேர்மனியில் முதுகலை படிக்க விண்ணப்பிக்கிறாள். போலோஞா முறை என்கிறார்கள். இது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமா?
– தாய் ஒருவர், தெஹிவளை

பதில்: சட்டமே அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் உடன்படிக்கைகளின்படி கல்வி உறுப்பு நாடுகளின் பொறுப்பு. ஒன்றியம் ஊக்கமும் துணையும் தரலாமே தவிர நாடுகளின் கல்விச் சட்டங்களை ஒரே அச்சில் வார்க்க முடியாது. அதனால் 1998 இல் பிரான்ஸ், ஜேர்மனி, இத்தாலி, பிரித்தானியா ஆகிய நான்கு நாடுகளின் அமைச்சர்கள் பாரிஸில் ஓர் அறிக்கையில் கையொப்பமிட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 19 அன்று இத்தாலியின் போலோஞா நகரில் 29 நாடுகள் கையொப்பமிட்டன. இளமாணி, முதுமாணி, கலாநிதி என்ற படிநிலைகளும், முழுநேர ஓராண்டுப் படிப்புக்கு 60 என்ற திறமைப் புள்ளி (கிரெடிட்) கணக்கும் அதன் வழியே பரவின. இன்று 49 நாடுகள் இதில் உள்ளன; 2022 இல் உக்ரேன் போரையடுத்து ரஷ்யாவினதும் பெலாரஸினதும் பங்கேற்பு இடைநிறுத்தப்பட்டது.

எவரையும் கட்டுப்படுத்தாத ஓர் அறிக்கை இத்தனை நாடுகளில் இவ்வளவு வேகமாக எப்படி வேலை செய்தது என்பது ஆய்வாளர்களுக்கு இன்றும் பிடித்த கேள்வி. நான் நம்பும் விளக்கம் இது: ஒவ்வோர் அமைச்சரும் தம் நாட்டில் தாம் ஏற்கனவே செய்ய விரும்பிய, ஆனால் எதிர்ப்புக்கு அஞ்சி ஒத்திவைத்த மாற்றத்துக்குப் போலோஞாவைச் சாட்டாக வைத்துக்கொண்டார். ஜேர்மனியில் டிப்ளோம் எனப்பட்ட நீண்ட பட்டப்படிப்புகளைச் சுருக்க அது உதவியது. அதன் விளைவாகப் பாடச்சுமை நெரிந்தபோது 2009 இல் ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் மாணவர்கள் விரிவுரை மண்டபங்களைக் கைப்பற்றினார்கள்.

மகளின் விண்ணப்பத்துக்குத் தேவையானது: இங்கே மூன்றாண்டுப் பொதுப் பட்டமா, நான்காண்டுச் சிறப்புப் பட்டமா என்பது அங்கே வித்தியாசம் செய்யலாம். எத்தனை திறமைப் புள்ளிகள் வேண்டும் என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமே தீர்மானிக்கிறது. அங்கே எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: ஜேர்மனியில் எல்லாம் இலவசம் என்கிறார்களே?
– பெயர் வேண்டாம் என்றவர், வத்தளை

பதில்: பெரும்பாலும். 2005 இல் ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம், கட்டணத்தைத் தடைசெய்யும் அதிகாரம் மத்திய அரசுக்கு இல்லை என்று தீர்ப்பளித்ததும், ஏழு மாநிலங்கள் தவணைக்கு 500 யூரோ வரை அறவிடத் தொடங்கின. மாநிலத் தேர்தல்களில் அது வாக்குகளைக் காவுகொண்டதால் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. கடைசியாகக் கைவிட்ட நீடர்சாக்ஸன் 2014 இல் நிறுத்தியது. ஆனால் 2017 முதல் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் தவணைக்கு 1500 யூரோ வாங்குகிறது. இலங்கை மாணவர் அதில் அடங்குவர். இங்கிலாந்து எதிர்த்திசையில் போயிற்று: 1998 இல் ஆண்டுக்கு 1000 பவுண், 2006 இல் 3000, 2012 இல் 9000 வரை. அதே தீவின் வடக்கே ஸ்கொட்லாந்து தன் மாணவருக்கு முதற் பட்டப்படிப்பில் கட்டணச் சுமை வைக்கவில்லை. ஐரோப்பிய மாதிரி என்று ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டுகிறவர்களிடம், எந்த நாட்டு மாதிரி என்று கேட்க வேண்டியதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

கேள்வி: ஹங்கேரியில் பல்கலைக்கழகங்களை அரசு அறக்கட்டளைகளிடம் ஒப்படைத்துவிட்டதாம். அரசின் கையிலிருந்து விடுபட்டது நல்லதுதானே?
– சட்டத்தரணி, பம்பலப்பிட்டி

பதில்: காகிதத்தில் அது ஐரோப்பாவிலேயே துணிச்சலான சுயாட்சிச் சீர்திருத்தம். 2019 இல் புடாபெஸ்டின் கோர்வினுஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 2021 இல் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்கள் பொதுநல அறக்கட்டளைகளுக்கு மாற்றப்பட்டன. ஒவ்வொரு அறக்கட்டளைக்கும் ஓர் அறங்காவலர் சபை. அச்சபைகளில் பதவியிலிருந்த அமைச்சர்களும் ஆளும் கட்சி அரசியல்வாதிகளும் இருந்தார்கள். பதவிக்காலத்துக்கு எல்லை வைக்கப்படவில்லை. அரசாங்கம் தேர்தலில் தோற்றாலும் அது அமர்த்தியவர்கள் சபையில் தொடர்வார்கள் என்பதே இதன் பொருள். 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியச் சபை, நலன்முரணைக் காரணம் காட்டி, இந்த அறக்கட்டளைகளோடு புதிய நிதி ஒப்பந்தங்கள் செய்வதை நிறுத்தியது. ஒன்றியத்தின் எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றமும் ஹொரைசன் ஆய்வு நிதியும் அதில் அகப்பட்டன. அமைச்சர்களின் முடிவுக்கு எந்த விதத்திலும் பொறுப்பில்லாத மாணவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள்.

இதற்கு முன்னரே 2017 இல் அந்நாட்டுச் சட்டம் ஒன்று புடாபெஸ்டில் இயங்கிய மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகத்துக்கு நிறைவேற்ற முடியாத நிபந்தனைகளை விதித்தது. அது 2019 இல் தன் கற்பித்தலை வியன்னாவுக்கு மாற்றிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2020 ஒக்டோபரில் அச்சட்டம் ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தபோது, போனவர்கள் போய்விட்டார்கள். சட்டத்தரணியான உங்களுக்குத் தாமதித்த தீர்ப்புகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐரோப்பியப் பல்கலைக்கழகச் சங்கம் 2011 முதல் நாடுகளின் சுயாட்சியை நிறுவன அமைப்பு, நிதி, ஆளணி, கற்கை என்ற நான்கு தலைப்புகளில் அளந்து புள்ளி போடுகிறது. பயனுள்ள வேலை. ஆனால் அச்சங்கம் பல்கலைக்கழகத் தலைமைகளின் சங்கம். ரெக்டரின் கை எவ்வளவு நீளம் என்பதை அது நன்றாக அளக்கும். வெளி உறுப்பினர் எத்தனை பேர் என்ற கணக்கை அட்டவணையில் போட்டுவிடலாம். அவர்களை யார் அனுப்பினார், யாருக்குத் தொலைபேசி எடுப்பார்கள் என்பது அட்டவணைக்குள் வராது.

கேள்வி: இத்தனை சீர்திருத்தமும் சொன்னதைச் செய்ததா?
– வங்கி ஊழியர், மட்டக்குளி

பதில்: அரிதாக. 1986 இல் லடிஸ்லாவ் செரிக், போல் சபாட்டியர் ஆகிய இருவர் ஐரோப்பிய உயர்கல்விச் சீர்திருத்தங்கள் சிலவற்றை, சட்டம் இயற்றிய நாளிலிருந்து பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, எதிர்பார்ப்புக்கும் விளைவுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பதிவு செய்தார்கள். பிரான்ஸ் 1966 இல் தொழில்நுட்ப நிலையங்களைத் தொடங்கியபோது, மாணவர் இரண்டாண்டு படித்து நேரே தொழிலுக்குப் போவார்கள் என்று நினைத்தது. எதிர்பார்த்த அளவு மாணவர் முதலில் வரவில்லை; பின்னர் வந்தவர்களிலோ பெரும்பாலோர் அதை நீண்ட படிப்புக்கு ஒரு வாசலாகப் பயன்படுத்தினார்கள். 2021 இல் அரசே அதை மூன்றாண்டுப் பட்டமாக மாற்றிவிட்டது. நோர்வேயில் 1969 இல் தொழில்சார் குறும்படிப்புக்காகத் தொடங்கிய பிராந்தியக் கல்லூரிகள் பல்கலைக்கழகங்களைப் பார்த்துப் பார்த்து அவற்றைப் போலவே ஆக விரும்பின. 1994 இல் 98 கல்லூரிகள் 26 ஆக இணைக்கப்பட்டன. 2005 இல் ஸ்டவங்கரும் 2007 இல் அக்டரும் பல்கலைக்கழகங்களே ஆயின. அமைச்சு இட்ட பாதையை மாணவரும் ஆசிரியரும் தங்கள் தேவைக்கு வளைத்துக்கொண்டார்கள். இதைத் தோல்வி என்று எழுதும் ஆய்வாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: இவற்றிலிருந்து நாம் எதை எடுக்கலாம்? எங்கள் பல்கலைக்கழகங்களுக்கும் வெளியாரைக் கொண்ட சபைகள் வேண்டுமா?
– விரிவுரையாளர், கொழும்பு 7

பதில்: நமக்கு அது 1978 முதல் இருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள், வாசகர் பலர் அறியார். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் பேரவையிலும் (ஆளுநர் சபையிலும்) துணைவேந்தர், பீடாதிபதிகள், மூதவை (செனட்) அனுப்புவோர் ஆகியோரைவிட, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிலிருந்து நியமிப்போரின் எண்ணிக்கை கூடுதலாக இருக்க வேண்டும். டென்மார்க் 2003 இல் செய்ததைக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே செய்துவிட்டோம். பேரவை மூன்று பெயர்களைப் பரிந்துரைக்க, அவற்றிலிருந்து துணைவேந்தரை ஜனாதிபதி நியமிக்கிறார்.

இப்போது ஒஸ்திரியாவைப் பாருங்கள். 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே பல்கலைக்கழகச் சபையின் உறுப்பினரில் ஒரு பாதியை மூதவை தெரிவு செய்கிறது, மறு பாதியை அரசு நியமிக்கிறது. எஞ்சும் ஒருவரை இவ்விரு பாதியினரும் சேர்ந்து உடன்பட்டு எடுக்க வேண்டும். ரெக்டருக்கான மூன்று பெயர்களை மூதவை தருகிறது. சபை ஒருவரைத் தெரிவு செய்கிறது. அங்கும் மூன்று பெயர்தான், இங்கும் மூன்று பெயர்தான். அங்கே பட்டியலைப் போடுவது ஆசிரியர் சமூகம், முடிவு பல்கலைக்கழகத்துக்குள்ளேயே முடிகிறது. இங்கே பட்டியலைப் போடும் பேரவையின் பெரும்பான்மையும் இறுதிக் கையொப்பமும் வெளியே இருக்கின்றன. நாம் ஐரோப்பாவிலிருந்து எடுக்க ஒன்று உண்டென்றால், எத்தனை வெளியார் என்பதல்ல, நியமிப்பவர் யார் என்பதில் ஒஸ்திரியா காட்டிய அந்தச் சமநிலையை எடுக்கலாம் என்பேன்.

நிதியிலும் ஆளணியிலும் நம் நிலை இன்னும் இறுக்கமானது. சம்பளம் ஆணைக்குழுவின் சுற்றறிக்கையில் வருகிறது. புதிய பதவி ஒன்றுக்குத் திறைசேரியின் அனுமதி வேண்டும். இவற்றைத் தளர்த்தாமல் சபையை மட்டும் மாற்றினால், பெயர்ப்பலகை மாறும்.

மாணவர் அனுமதியைப் பல்கலைக்கழகங்களின் கையில் கொடுக்க வேண்டும் என்று சொல்வோரோடு மட்டும் நான் சேரமாட்டேன். பெரும்பாலான கற்கைநெறிகளில் இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்ற ஒதுக்கீட்டில் குறைகள் உண்டு; தமிழருக்கு அதன் வரலாறும் கசப்பானது. ஆனாலும் மன்னாரிலிருந்தோ மொனராகலையிலிருந்தோ வரும் பிள்ளை, ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் வாசலிலும் தனித்தனியே நின்று தன்னை நிரூபிக்க வேண்டிய முறையில் யார் உள்ளே போவார்கள் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. மாணவர் அனுமதியை மத்தியில் ஒருங்கிணைக்கும் முறை சுவீடனிலும் பின்லாந்திலும் உண்டு. அவற்றை எவரும் அடிமைப் பல்கலைக்கழகங்கள் என்று சொல்வதில்லை.

கேள்வி: இத்துறையில் பட்டப்பின்படிப்புச் செய்ய இடம் எது?
– நிர்வாக உதவியாளர், கொள்ளுப்பிட்டி

பதில்: பல ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டுஸ் முதுமாணித் திட்டம் ஒன்று இத்துறைக்கென்றே 2012 முதல் இருக்கிறது, ஒஸ்திரியாவின் கிரெம்ஸ் பல்கலைக்கழகம் அதை ஒருங்கிணைத்து வருகிறது. ஆங்கிலத்தில் கற்பிக்கிறார்கள். புலமைப்பரிசில் எந்த ஆண்டு அனுமதிக்கு உண்டு என்பதை விண்ணப்பிக்கும் முன் பாருங்கள். ஒஸ்லோ பல்கலைக்கழகமும் உயர்கல்வி பற்றி முதுமாணி நடத்தியது. ஆனால் 2023 முதல் நோர்வே, ஐரோப்பியரல்லாத மாணவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. பழைய நண்பர்கள் சொல்லும் இலவசக் கணக்கை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம்.